அண்ணன் எழுதிய அட்டை

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள் அம்மா. பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒரே ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் தெரிந்துவிடும். அது என்ன?

யோசியுங்கள், அவசரமில்லை. யோசிக்கிற நேரத்துக்கு அந்தப் பேனாவை மட்டும் மூடி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத ஆள் இப்படிச் சொல்கிறானே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். கையைப் பிடித்துத் தடுக்க முடியாது. அதனால்தான் விடுகதை போட்டேன்.

உங்கள் கையில் இருக்கும் மஞ்சள் அட்டையை எனக்குத் தெரியும். உள்ளே கவுன்சலிங் பெனாசிர் மேடத்திடம் பேசிக்கொண்டிருப்பது உங்கள் வீட்டுக்காரர்தானே? இன்றுதான் முதல் தடவையாக அட்டை கொடுத்திருக்கிறார்கள். பெயர், வயது எழுதிவிட்டீர்கள். சரி, அதோடு நிறுத்துங்கள். அதற்குக் கீழே இருக்கிற கோடுகளெல்லாம் அவர் எழுத வேண்டியவை.

கை நடுங்குகிறது என்கிறீர்களா? அப்படியானால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அவர் சொல்லாத ஒரு வார்த்தையைக்கூட எழுதாதீர்கள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அவரைப் பற்றித் தெரியாதா என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முப்பது வருஷம் அம்மா. என் கையில் வளர்ந்தவள்.

உட்காருங்கள். மேடம் யாரையும் அரைமணிக்குள் வெளியே அனுப்பமாட்டார்கள். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் பேனாவைத் திறங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

என் பெயர் அழகிரி. வேடசந்தூர் ரோட்டில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர். நிறைந்த நூல்கண்டைக் கழற்றுகிற டாஃபராகச் சேர்ந்து, மேஸ்திரியாகி, சூப்பர்வைசராகி, முப்பத்தொரு வருஷம் ஆயிற்று. எங்கள் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு இரண்டு தடவை ஆடிட்காரர்கள் வருவார்கள். வந்தால் தொழிலாளிகள் தங்கள் கைப்பட எழுதிய பாரங்களைக் கேட்பார்கள். தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவாய், அடிபட்டால் யாரிடம் சொல்வாய், உனக்கு என்ன குறை என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். நூற்று நாற்பது பேர். ஒவ்வொருவரையும் மெஷினை விட்டு இழுத்துவந்து எழுதச் சொன்னால் உற்பத்தி என்ன ஆவது? அதனால் நூற்று நாற்பதையும் நானே எழுதுவேன். நீல மை, கறுப்பு மை, பச்சை மை என்று மாற்றி மாற்றி எழுதுவேன். சிலதில் எழுத்தைச் சாய்த்து எழுதுவேன், சிலதில் வேண்டுமென்றே பிழை விடுவேன். ஒரு தடவைகூட ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. மானேஜர் சிரிப்பார். 'அழகிரி, நம்ம மில்லுல எல்லாரோட மனசும் உன் பாக்கெட்லதான்யா இருக்கு' என்பார். எனக்கு அது பெருமையாக இருக்கும்.

என் தங்கை நாகஜோதி. அம்மா இறந்தபோது அவளுக்கு ஏழு வயது, எனக்கு இருபத்து நாலு. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். சோறு ஊட்டியது நான். பள்ளிக்கூடத்தில் சேர்த்தது நான். தலை பின்னிவிட்டதுகூட நான்தான். இறுக்கிப் பின்னினால்தான் சாயங்காலம்வரை நிற்கும் என்று இறுக்கிப் பின்னுவேன். கண்ணில் தண்ணீர் வரும், ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். நல்ல பிள்ளை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருகிறவள் இவளை எப்படி நடத்துவாளோ என்ற பயம். அவளுக்குக் கல்யாணம் முடித்தேன். மாப்பிள்ளை பவுன்ராஜ் வேன் ஓட்டினார், தங்கமான மனிதர். மூன்று வருஷத்துக்கு முன்னால் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். ஜோதி தன் மகள் தர்ஷிகாவோடு என் வீட்டுக்கே வந்தாள். பாப்பா இப்போது நாலாம் வகுப்பு. ஜோதியை எங்கள் மில்லிலேயே நூல் நூற்கிற ரிங் பிரேமில் சேர்த்துவிட்டேன். அறுந்த நூலைப் பிணைப்பதில் அவளுக்கு ஈடு கிடையாது. நூல் அறுந்தது கண்ணுக்குத் தெரியும் முன்பே விரல் போய்விடும்.

நன்றாகத்தான் இருந்தாள். நான் அப்படித்தான் நினைத்தேன்.

போன கார்த்திகையில் ஒருநாள். அந்த நாளை நான் விவரிக்கமாட்டேன். எதைச் செய்தாள், எப்படிச் செய்தாள் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இங்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கேட்கிறவர் மனசு எந்த நிலையில் இருக்கிறதோ தெரியாது அல்லவா. பிழைத்தாள், அதுதான் செய்தி. பத்து நாள் வார்டில் இருந்தோம். பத்து நாளும் இந்த பெஞ்சில், நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே இடத்தில்தான் இருந்தேன்.

பத்தாம் நாள் மேடம் இந்த அட்டையைக் கொடுத்தார்கள். ஜோதி களைத்துப் போயிருந்தாள். "அப்புறம் எழுதறேன் மேடம்" என்றாள். மேடம் என்னிடம் தனியாகச் சொன்னார்கள். "அண்ணா, ஒவ்வொருத்தருக்கும் மனசு ஒவ்வொரு மாதிரி சரியும். ஒருத்தரைத் தாங்கறது இன்னொருத்தரைத் தாங்காது. அதனாலதான் இதை அவங்களே எழுதணும். வர்ற வியாழக்கிழமை நானும் அவங்களும் சேர்ந்து உட்கார்ந்து எழுதறோம். அதுவரைக்கும் காலியா இருந்தாப் பரவாயில்லை. வீட்டுல மருந்து மாத்திரை, ஆபத்தான சாமான் எதுவும் கைக்கெட்டாமப் பூட்டி வையுங்க. அது உங்க வேலை."

பூட்டினேன். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் காலியாக இருக்கும் பாரத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது அம்மா. அது என் தொழில்புத்தி. ஒரு வாரம் காலியாக இருந்து, அந்த வாரத்துக்குள் ஏதாவது ஆகிவிட்டால்? மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மில் ஆபீசில் உட்கார்ந்து எழுதினேன். இருபது நிமிஷம். மூன்று மையில் எழுதினேன்.

'நிலைமை மோசமாகிறது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வேன்?' சாப்பிட மறுப்பேன், தலை வாராமல் இருப்பேன், கேட்டால் பதில் பேசமாட்டேன் என்று எழுதினேன். 'மனதை எதில் திருப்புவேன்?' சாமி கும்பிடுவேன், டிவி பார்ப்பேன். 'எங்கே போனால் கொஞ்சம் லேசாகும்?' என் வீடு. 'யாரிடம் சொல்வேன்?' என்று மூன்று கோடு இருந்தது. முதலாவது, அண்ணன் செல்போன். இரண்டாவது, அண்ணன், மில் லேண்ட்லைன். மூன்றாவதுக்குப் பக்கத்து வீட்டுத் தண்டபாணி. அவரும் என்னைத்தான் கூப்பிடுவார். அதற்குக் கீழே 14416 என்று அரசாங்க உதவி எண்ணை அவர்களே அச்சடித்திருந்தார்கள்.

அட்டையை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து நாலு பிரதி எடுத்து லேமினேஷன் செய்தேன். ஒன்று சமையலறைக் கதவில், ஒன்று பீரோவில், ஒன்று அவள் கைப்பையில், ஒன்று என் பாக்கெட்டில். ஜோதி பார்த்தாள். "எழுதிட்டியாண்ணே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வியாழக்கிழமை மேடத்திடமும் அட்டை எழுதியாயிற்று என்றே சொன்னாள். என்னை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

காவலுக்கு ஷிப்ட் போட்டேன். காலையில் தண்டபாணி வீட்டம்மா, மதியம் எங்கள் சித்தி மருமகள், சாயங்காலத்திலிருந்து நான். மில் விட்டு நான் வந்துசேர ஐந்து மணி ஆகும். நாலேகாலிலிருந்து ஐந்து மணிவரை ஆள் இல்லை. அந்த முக்கால் மணிக்குப் பாப்பாவைப் போட்டேன். அப்படிப் பார்க்காதீர்கள். வேறு யார் இருக்கிறார்கள்? கையில் ஒரு நோட்டுக் கொடுத்தேன். அம்மா எங்கே இருக்கிறாள், சாப்பிட்டாளா, பேசினாளா என்று மூன்று கட்டம் போட்டு, டிக் அடித்தால் போதும் என்றேன். ஜோதியின் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டேன். தேவையில்லாத ஆட்கள் பேசி மனசைக் கலைப்பார்கள். ரோஸ்லின் என்று ஒருத்தி, நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் வேலை. அவள் சிரித்தால் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். தனியாக வீடு எடுத்துக் கோழி வளர்க்கிறவள். அவளைத்தான் முதலில் வெட்டிவிட்டேன். மில்லிலும் சொல்லி ஜோதியின் வேலையை நிறுத்திவிட்டேன். ஓய்வு வேண்டும் அல்லவா.

பாப்பா டிக் அடித்தாள். ஆனால் கட்டத்துக்கு வெளியேயும் எழுதிவைத்தாள். 'அம்மா தலையை மறுபடியும் பின்னினாள். 4.40.' 'அம்மா என் யூனிபாரத்தை எல்லாம் அயர்ன் செய்தாள், அடுத்த வாரத்துக்கும். 4.50.' 'அம்மா சும்மா சிரித்தாள்.' நான் திட்டினேன். "கேட்டதுக்கு மட்டும் எழுது பாப்பா, கதை எழுதாத." அப்போதுதான் அந்த விடுகதையைப் போட்டாள். பத்துப் பேர் பார்த்தாலும் தெரியாது, ஒருத்தர் கேட்டால் தெரியும். நான் பசி என்றேன். "இல்ல மாமா." காற்று என்றேன். "காத்தை யாரு மாமா கேப்பாங்க?" தோற்றுவிட்டேன் என்றேன். "வலி" என்றாள். நாலாம் வகுப்புப் பிள்ளை, தானே கட்டிய விடுகதை. கெட்டிக்காரி என்று கன்னத்தைத் தட்டிவிட்டு நோட்டில் கையெழுத்துப் போட்டேன். தினமும் அன்றன்று கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

பொங்கல் கழிந்தது. ஜோதி தெளிந்துவிட்டாள் அம்மா, அப்படித் தெளிந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, தலையை இறுக்கிப் பின்னி, எனக்குப் பிடித்த பணியாரம், பாப்பாவுக்குப் பிடித்த சேமியா, தண்டபாணி வீட்டுக்கு அதிரசம். வீட்டில் ஒரு துணி மடிக்காமல் இல்லை. 'என்னால எல்லாருக்கும் எவ்வளவு சிரமம்ண்ணே' என்று ஒருநாள் அவளே சிரித்தபடி சொன்னாள். அட்டையை எடுத்துப் பார்த்தேன். சாப்பிட மறுக்கிறாளா? இல்லை. தலை வாராமல் இருக்கிறாளா? இல்லை. பதில் பேசுகிறாளா? பேசுகிறாள். எல்லாம் சரி. காவலை எடுத்துவிட்டேன். தண்டபாணி வீட்டம்மாவிடம் ஸ்வீட் கொடுத்து, 'இனிமே நீங்க வரவேண்டாம்மா, தங்கச்சி தேறிட்டா' என்றேன். நானும் அரை நைட் ஷிப்டுக்கு மாறினேன், நாலு மணியிலிருந்து பன்னிரண்டு. ரொம்ப நாளைக்குப் பிறகு ரிங் பிரேம் பக்கம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு நடந்தேன் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

அந்த முதல் நாளே லேண்ட்லைன் அடித்தது. நாலரை மணி. பாப்பா பக்கத்து வீட்டிலிருந்து பேசினாள்.

"மாமா, அம்மா இல்ல."

"கடைக்குப் போயிருப்பா."

"இல்ல மாமா. வீடு ரொம்ப நீட்டா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

ஓடினேன். கேட்டில் கையெழுத்துப் போடவில்லை, அட்டையிலிருந்த நம்பர் ஒன்றுக்கும் அடிக்கவில்லை. அடித்தாலும் என் பாக்கெட்டில்தான் மணி அடித்திருக்கும். தேடக் கூடாத இடங்களிலெல்லாம் தேடினேன். இரண்டரை மணி நேரம் அம்மா. ஒவ்வொரு இடத்திலும் எட்டிப் பார்ப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். அப்புறம் திறப்பேன். அந்த மாதிரி நொடிகள் எத்தனை இருந்தன என்று எனக்குக் கணக்கில்லை. இப்போதும் கண்ணை மூடினால் அங்கேதான் நிற்கிறேன்.

ஏழு மணிக்கு மில் வாட்ச்மேன் போன் செய்தார். ரோஸ்லின் கேட்டுக்கு ஆளனுப்பிச் சொல்லியிருக்கிறாள், ஜோதி அவள் வீட்டில் இருக்கிறாள் என்று.

போனேன். ஜோதி கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். பின்னல் அவிழ்ந்து தலை விரிந்து கிடந்தது. முகம் அழுது வீங்கியிருந்தது. மடியில் ஒரு தட்டில் பாதி தின்ற பன். இரண்டரை மணி நேரம் தேடியவன் என்ன கேட்டிருக்க வேண்டும்? நான் கேட்டது இது: "ஏன் இங்க வந்த? அட்டையில முதல்ல யார்கிட்ட சொல்லணும்னு எழுதியிருக்கு?"

"சூப்பர்வைசரண்ணே, மெதுவா. கோழி பயந்து முட்டை வைக்காது" என்றாள் ரோஸ்லின்.

"நீ வாயை மூடு."

"மூடிக்கிட்டுதானே இருந்தேன் இவ்வளவு நேரமும்? அவ பேசினா, நான் மூடிக்கிட்டு இருந்தேன். ஆஸ்பத்திரி மேடத்துக்கும் போன் போட்டுக் குடுத்தேன். உங்க நம்பர் எனக்குத் தெரியாது. அவ போனைத்தான் நீங்க வாங்கி வச்சுட்டீங்களே. அடுத்து என் கோழிக்கும் ஷிப்ட் போடப் போறீங்களா?"

ஜோதி அப்போதுதான் நிமிர்ந்தாள். "அண்ணே, அந்த அட்டையில இருக்கறது யாரு? தினமும் படிச்சுப் பாத்தேன். எனக்கு அவளத் தெரியலண்ணே."

பாக்கெட்டில் இருந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன்.

"வீட்ட விட்டு எறங்கும்போது எங்க போறதுன்னு எனக்கே தெரியல. பாதி வழியில, ஒரு தடவை ரோஸ்லின் மூஞ்சியப் பாத்துட்டுப் போவோம்னு தோணுச்சு. வந்தேன். 'ஜோதி, செத்துப்போகணும்னு இருக்கா'ன்னு நேரா கேட்டுட்டா. யாரும் என்னை அப்படிக் கேட்டதே இல்லண்ணே."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"உன்கிட்டச் சொன்னா நீ ஒடைஞ்சுருவ. நீ ஒடைஞ்சா அதையும் சேத்து நான்தானே சொமக்கணும்."

இது நியாயமா, சொல்லுங்கள். தலை பின்னி வளர்த்தவன் நான். ஒரு கேள்வி கேட்டவள் ரோஸ்லின்.

அந்த வியாழக்கிழமை மேடம் புது அட்டை எழுதவைத்தார்கள். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். எழுதி முடித்ததும் கூப்பிட்டு, ஜோதியே எனக்குப் படித்துக் காட்டினாள். நிலைமை மோசமாகிறது என்று எதை வைத்துத் தெரியும்? 'தலையை இறுக்கிப் பின்னுவேன். வீடு ரொம்பச் சுத்தமாக இருக்கும். எல்லாருக்கும் பிடித்ததைச் சமைப்பேன். என்னால் எல்லாருக்கும் சிரமம் என்று சிரித்துக்கொண்டே சொல்வேன்.' கேட்டீர்களா? நான் ஸ்வீட் கொடுத்துக் கொண்டாடியதெல்லாம் அதில் இருந்தது. மனதை எதில் திருப்புவேன்? 'கண்ணை மூடி, அறுந்த நூலைப் பிணைக்கிற மாதிரி விரலை அசைப்பேன். மறுபடி வேலைக்குப் போவேன்.' எங்கே போனால் லேசாகும்? 'ரோஸ்லின் வீட்டுக் கோழிக்கூண்டுப் பக்கம்.' இதை எந்த சூப்பர்வைசராவது எழுதுவானா? யாரிடம் சொல்வேன்? ரோஸ்லின், பெனாசிர் மேடம், அப்புறம் அந்த 14416.

நான் எங்கே என்று தேடினேன். கடைசிக் கோட்டில் இருந்தேன். 'ஆபத்தான சாமான்களைப் பூட்டிச் சாவியை வைத்திருப்பவர்: அண்ணன்.'

நான் பூட்டு, அம்மா. முப்பது வருஷம் வளர்த்து நான் பூட்டானேன். மேடம் சொன்னார்கள், "அண்ணா, இந்தப் பக்கத்துலயே ரொம்ப முக்கியமான வரி அதுதான். அவங்க உயிரைக் காப்பாத்தறது அது. வேற யாரையும் நம்பி அதை எழுதலை." ஆறுதலுக்குச் சொல்வார்கள் அல்லவா. ஜோதியும் பாப்பாவும் கொஞ்ச நாள் ரோஸ்லின் வீட்டில் இருப்பதென்று முடிவானது. மூன்று வாரம் ஆகிறது. ஜோதி வேலைக்குப் போகிறாள். எதிரில் பார்த்தால் "அண்ணே, சாப்பிட்டியா" என்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன். அவளிடம் போய் என்னத்தைச் சொல்வது, அவளே பாவம்.

எனக்கு என்ன, எனக்கு ஒன்றுமில்லை. நேரம்தான் நிறைய இருக்கிறது. தூக்கம் வருவதில்லை, அதுவும் ஒருவிதத்தில் நல்லதுதான், நிறைய வேலை முடிந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்தேன். சமையலறையில் ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டினேன். ஜோதி வந்தால் தேடக் கூடாது. வீட்டுப் பத்திரம் எந்தத் தட்டில், பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ் எந்தக் கவரில் என்று பெரிய எழுத்தில் எழுதி பீரோ கதவில் ஒட்டினேன். என் டிவிஎஸ் வண்டியைத் தண்டபாணிக்குக் கொடுத்துவிட்டேன், எனக்கு இனி எங்கே போகவேண்டியிருக்கிறது? நல்ல சட்டை நாலு வாட்ச்மேனுக்கு. மில்லில் எழுதிக் கொடுத்துவிட்டேன், இந்த மாதத்தோடு நிற்கிறேன் என்று. மானேஜர் ஏன் என்று கேட்டார். என்னால் யாருக்கும் சிரமம் வேண்டாம் என்று சிரித்துவிட்டு வந்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பின்னால் யாருக்கும் கஷ்டமில்லை, இல்லையா?

ஏன் அம்மா என் கையைப் பிடிக்கிறீர்கள்? நான் உங்கள் வீட்டுக்காரருக்காகச் சொல்ல வந்தவன். சரி, பிடித்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். முகச்சவரம் செய்து, தலைக்கு மை போட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். அவளுக்கு சேமியா, ஜோதிக்குக் கொடுத்துவிட முட்டைக் குழம்பு, ரோஸ்லினுக்கும் ஒரு தூக்கில் கேசரி. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்று காட்டத்தான். பாப்பா சாப்பிட உட்காரவில்லை. ஒவ்வொரு அறையாகப் போனாள். டப்பாக்களைப் படித்தாள். பீரோ கதவைப் படித்தாள்.

"மாமா, வண்டி எங்க?"

"தண்டபாணி மாமாவுக்குக் குடுத்துட்டேன்."

"ஏன் மாமா எல்லாம் இவ்ளோ நீட்டா இருக்கு?"

"உங்கம்மா வந்தா பாக்க வேண்டாமா" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் அவள் அம்மாவிடம் பேசினாள். என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. ஐந்து நிமிஷத்தில் ஜோதியும் ரோஸ்லினும் வந்துவிட்டார்கள். அன்று முதல் தினமும் யாராவது ஒருத்தர் வந்து கூடத்தில் படுக்கிறார்கள். நேற்று ரோஸ்லின் கோழியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். வெள்ளையடித்த வீட்டில் கோழி! சாவியையும் வாங்கிக்கொண்டாள், ரோஸ்லின்தான். 'கொஞ்ச நாளைக்கு என்கிட்ட இருக்கட்டும்ண்ணே' என்றாள். என்னிடம் இருந்த ஒரே வேலையும் போயிற்று.

இன்றைக்கு என்னை இங்கே கூட்டி வந்தது ஒரு கையெழுத்துக்காக. அட்டையில் அண்ணன் கையெழுத்து விட்டுப்போயிற்றாம். போட்டுவிட்டுக் கிளம்பவேண்டியதுதான். ஆனால் மேடம் ஜோதியின் அட்டையை நீட்டவில்லை, இதைக் கொடுத்துவிட்டு உட்காரச் சொன்னார்கள். பாருங்கள். காலி அட்டை. மஞ்சள். பெயர்கூட எழுதவில்லை. எதற்குக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஜோதிக்கு மாற்று அட்டையாக இருக்கும்.

நீங்கள் வருவதற்கு முன்னால், சும்மா இருக்கிறோமே என்று பேனாவை எடுத்தேன். முதல் கேள்வியைப் படித்தேன். 'நிலைமை மோசமாகிறது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வேன்?' ஒன்றும் வரவில்லை அம்மா. நூற்று நாற்பது பேருக்கு எழுதியவன். மூன்று மையும் பாக்கெட்டில் இருக்கிறது. 'யாரிடம் சொல்வேன்?' மூன்று கோடு. மூன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரிடம் சொல்வது, என்ன சொல்வது? நெஞ்சுக்குள் ஏதோ பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது, மூச்சு விடுவதே பெரிய வேலையாக இருக்கிறது, இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

உங்களிடம் சொல்லிவிட்டேனோ? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பேனாவைத் திறக்காமல் இருந்தால் போதும்.

ஜோதியும் ரோஸ்லினும் கீழே மருந்து வாங்க வரிசையில் நிற்கிறார்கள். பாப்பா அதோ, மேடத்தின் கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நிற்கிறாளே, நீலப் பை, அவள்தான். உங்கள் வீட்டுக்காரர் வெளியே வந்ததும் அடுத்தது எங்கள் நம்பராம். உங்கள் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் மேடம் அவளிடம் குனிந்து கேட்டார்கள். "பாப்பா, அம்மாவும் ரோஸ்லின் அத்தையும் கீழே போறாங்க. கேண்டீன்ல பூரி வாங்கித் தருவாங்களாம். மாமா உள்ளே வந்து என்கூடப் பேசப் போறாங்க, அதுக்கு நேரமாகும். நீ யார்கூடப் போற?"

மாமாவோடு உள்ளே போகிறேன் என்றாள்.